வலப்பக்கம் திறந்த கப்பல்

என் மகனுடைய அறையில், அலமாரியின் மேல், ஒரு மரக்கப்பல் இருக்கிறது. முழங்கை நீளம். பாய்மரம் நட வேண்டிய இடங்களில் இன்னும் துளைகள்தான் இருக்கின்றன. அதை நான் கட்டினேன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கட்டியது உண்மைதான். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிரித்த அந்த நாட்களைத்தான் இப்போதும் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

கப்பல் செய்யும் சாமான்கள் அடங்கிய அந்தப் பெட்டியை வாங்கியவன் என் மகன். கப்பல் படிப்பு முடித்து, முதல் கப்பலில் போய்த் திரும்பி, அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும் என்று வீட்டில் காத்திருந்த மாதங்களில் ஆன்லைனில் வரவழைத்தான். உள்ளே கோரைப்புல் மாதிரி மெல்லிய நீள மரப்பட்டைகள், வெட்டித் தயாராக வைத்த பலகைகள், மூக்குத்தி அளவில் பித்தளைச் சாமான்கள், படுக்கை விரிப்புபோல விரிகிற ஒரு வரைபடம். அதில் எழுதியிருந்தது எந்த ஊர் மொழி என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. படத்தைப் பார்த்தே தொடங்கினான். நடுவில் முதுகெலும்புபோல ஓடும் நீளப் பலகையை நிறுத்தினான். அதற்குப் பெயர் கீல் என்றான். அதன் குறுக்கே விலா எலும்புகள்போல வரிசையாகப் பலகைகளை ஒட்டினான். அந்த நிலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கிளம்பிப் போய்விட்டான்.

"இந்த மீன்முள்ள எங்கிட்டாச்சும் எடுத்து வைங்க. தூசி அடையுது" என்றாள் என் மனைவி. நான் அலமாரி மேல் ஏற்றிவைத்தேன்.

எனக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் கடை. செருப்புத் தைப்பவர்களுக்கு வேண்டிய தோல், லைனிங் துணி, அடிப்பகுதி ரப்பர், பசை எல்லாம் வைத்து விற்கிறேன். பட்டப்படிப்பு படித்தவன் என்பதால் பள்ளிவாசல் கமிட்டியில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ராமேஸ்வரத்தில் ஒரு முறை கால் நனைத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அத்தா, கப்பல நிப்பாட்டி வச்சிருக்காங்க."

"ரிப்பேரா?"

"இல்லத்தா. கேஸு. எங்க ஓனருக்கும் இன்னொரு கம்பெனிக்கும் தகராறு. கப்பல் நகரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு."

"சரி, நீங்க எறங்கி வர வேண்டியதுதான?"

"கப்பல ஆளில்லாம விடக் கூடாதாம்த்தா. மாத்து ஆளு வந்தாத்தான் எங்கள எறக்குவாங்க. மாத்து ஆள ஓனரு அனுப்பணும். ஓனரு போனே எடுக்கல."

"அப்ப நீங்க?"

"நாங்களும் கப்பல் சாமான்தான்" என்று சிரித்தான்.

வளைகுடாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நங்கூரம் போட்டு நின்றது அந்தக் கப்பல். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே. டீசல் மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைச் சாயங்காலம் செத்த நேரம் மட்டும் ஓட்டினார்கள். அதற்குள் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். அரிசியும் பருப்பும் ஒரு படகில் எப்போதாவது வரும். நாங்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். தெரிந்தவர்கள் மூலம் டெல்லிக்கு எழுதினோம். எழுதிய இடத்திலிருந்தெல்லாம் மரியாதையாகப் பதில் வந்தது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது.

அன்றிலிருந்து நான் ஊரைத் தாண்டவில்லை. வழக்கமாகத் தோல் எடுக்க வாணியம்பாடிக்குப் போய் வருவேன். அதை நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் சிக்னல் போய்விட்டால் என்ன செய்வது? குளிக்கப் போனால்கூடப் போனைப் பாலித்தீன் பையில் சுற்றி ஜன்னலில் வைத்துக்கொண்டேன். பள்ளிவாசலுக்குப் போவதும் கஷ்டமானது. "கப்பல் இன்னும் நிக்கிதா பாய்?" என்று கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். ஆனால் பஸ் நிற்கிறதா என்று கேட்பதுபோல இருக்கும். கடை, வீடு, மாடியில் அவன் அறை. இந்த மூன்றுக்குள்ளேயே என் நடமாட்டம் முடிந்தது.

அவன் எப்போது கூப்பிடுவான் என்று சொல்ல முடியாது. அதற்கு அவன் ஒரு காரணம் சொன்னான். நங்கூரம் போட்ட கப்பல் ஒரே திசையில் நிற்காதாம். காற்றும் நீரோட்டமும் தள்ளுகிறபடி சங்கிலியைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்குமாம். அவன் அறை கப்பலின் வலப்பக்கம். அந்தப் பக்கம் கரையைப் பார்க்கத் திரும்பும்போது, அறையின் வட்டக் கண்ணாடி ஓரமாகப் போனைப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். மறுபக்கம் திரும்பிவிட்டால் ஒன்றும் கிடையாது.

"மேல்தளத்துக்குப் போய்ப் பேச வேண்டியதுதானப்பா. அங்க எந்தப் பக்கமும் நிக்கலாமே."

"வெளிய இரும்பு கொதிக்குதுத்தா. நிக்க முடியாது."

சாயங்காலத்தில்கூடவா கொதிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சும்மா இருந்தால் என் கை போனையே எடுத்து எடுத்துப் பார்த்தது. அந்தக் கையை வேறு எதிலாவது மாட்டிவிட வேண்டும் என்றுதான் ஒரு நாள் அலமாரி மேலிருந்து மீன்முள்ளை இறக்கினேன். வரைபடத்தைக் கட்டிலில் விரித்தேன். ஒரு பட்டையை எடுத்து விலாக்களின் மேல் வளைத்துப் பார்த்தேன். பட்டென்று ஒடிந்தது. அந்த நேரம் வீடியோ கால் வந்தது.

"அத்தா, அத ஏன் எடுத்தீங்க? நான் வந்து பண்ணுவேன்ல."

"நீ வர்றதுக்குள்ள கரையான் பண்ணி முடிச்சிரும்."

அவன் சிரித்தான். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. வளைகிற பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், சூடு காட்டி வளைக்க வேண்டும், ஒட்டிய பிறகு க்ளிப் போட்டுக் காயவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியாக, "ஒரு பட்ட இடப்பக்கம் போட்டா அடுத்தது வலப்பக்கம் போடணும். மாத்தி மாத்தித்தான் போகணும். மறந்துறாதீங்கத்தா" என்றான்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது. அதுவரை "சாப்டியா" என்று நான் கேட்பேன், "சாப்டேன்" என்பான், பிறகு இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். இப்போது முனைப்பக்கம் பட்டையைச் சீவுவது எப்படி, எந்த நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பசை வழிந்தால் எப்போது துடைப்பது என்று பேசினோம். இடியாப்பம் அவிக்கிற பாத்திரத்தில் பட்டைகளை ஊறவைத்தேன். பழைய இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் வைத்து வளைத்தேன். மொட்டைமாடிக் கொடியிலிருந்த துணி க்ளிப்புகள் எல்லாம் கப்பலின் வயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றன. ஃபேன் போட்டால் பட்டை ஒரு பக்கமாகக் காய்ந்து விறைக்கும் என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் இருந்தது அடுப்புக்குள் இருந்த மாதிரி. வெளியே வரத் தோன்றவில்லை. அவனும் இப்படித்தானே இருப்பான் என்று ஒரு எண்ணம்.

"என் நைட்டி அடுத்த தெரு மாடியில கெடக்கு" என்றாள் மனைவி. "கேட்டா, கப்பலுக்கு க்ளிப்பு வேணுமாம்."

அவளுடைய தம்பி ஆட்டு வியாபாரி. அய்யலூர் சந்தை முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவான். மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், திண்டுக்கல்லுக்குத் துறைமுகம் எப்ப வருது?"

"நீ டிக்கெட் எடு. மொதல்ல உன் ஆட்ட ஏத்திக்கிறேன்."

சிரித்தபடியே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்தான். "ஆட்ட வண்டியில ஏத்துனாக்கூட, வண்டி நின்னுபோச்சுன்னா எறக்கி மரத்தடியில கட்டித் தண்ணி காட்டுவோம் மச்சான்" என்றான். மனைவி டீ டம்ளரை அவன் கையில் திணித்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

முதல் சில வரிசைகளை அவன் சொன்னபடி மாற்றி மாற்றித்தான் ஒட்டினேன். பட்டைகள் அடிவயிற்றிலிருந்து மேலே ஏறிவந்தன. வலப்பக்கம், பின்புறத்தை ஒட்டி இரண்டு விலாக்களுக்கு நடுவே ஒரு இடம் வந்தபோது என் கை நின்றது. அவன் தன் அறை கப்பலின் பின்பக்கம், வலது ஓரம் என்று சொல்லியிருந்தான். என் கையில் இருப்பது எந்தக் காலத்திலோ ஓடிய பாய்மரக் கப்பல், அவன் இருப்பது இரும்புச் சரக்குக் கப்பல். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்த இரண்டு விலாக்களுக்கு நடுவில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று என்றைக்கோ மனதில் வைத்துவிட்டேன். அந்த இடத்தின் மேல் பட்டையை வைத்துப் பசை தடவினால் அவனை உள்ளே வைத்துப் பூசிவிடுவதுபோல இருந்தது. பட்டையைக் கீழே வைத்துவிட்டேன். இடப்பக்கம் திருப்பி அங்கே ஒட்டினேன். மறுநாளும் இடப்பக்கமே ஒட்டினேன்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஈரத் தோலைச் செருப்பு அச்சில் இழுத்து அடிக்கும்போது ஒரு பக்கம் முழுக்க ஆணி அடித்துவிட்டு அப்புறம் மறுபக்கம் இழுப்பார்கள். தோல் வந்துவிடும். இதுவும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

வீடியோவில் அவனுக்கு இடப்பக்கத்தை மட்டும் காட்டினேன். பட்டைகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தன. "செமயா இருக்குத்தா. கட விட்டுட்டு இதையே பண்ணலாம் நீங்க" என்றான். வலப்பக்கத்தை நான் காட்டவில்லை. அவன் முகத்தில் பாதிதான் எங்களுக்குத் தெரியும். அறை இருட்டு. தாடி வளர்ந்திருந்தது. "ஏன்ப்பா எளச்சுப்போன?" என்று அவன் அம்மா கேட்டால், "கேமரா அப்படிக் காட்டுதும்மா" என்பான். நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது?

பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அவனிடமிருந்து போன் வரவில்லை. காற்று மாறியிருக்கும், கப்பல் மறுபக்கம் திரும்பி நிற்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டே இருந்தாள். நான் இடப்பக்கத்தை மேல்விளிம்பு வரை முடித்துவிட்டேன்.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம் போன் அடித்தது. அவன் முகம் கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள், "கப்பல் எங்கத்தா? காட்டுங்க" என்றான். எடுத்து இடப்பக்கத்தைக் காட்டினேன்.

"முன்னாடி காட்டுங்க. நேரா மூக்கப் பாக்குற மாதிரி."

வேறு வழியில்லை. திருப்பினேன். அவன் முகம் அசையவில்லை. திரை உறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கோணிருச்சுத்தா."

நானும் அப்போதுதான் அப்படிப் பார்த்தேன். அதுவரை பக்கவாட்டிலேயே பார்த்துப் பழகிவிட்டேன். நேராகப் பார்த்தால் முதுகெலும்பு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஈரப்பட்டைகள் காயக் காய இடப்பக்கமே மொத்தக் கூட்டையும் இழுத்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் பிடித்து நிற்க, அடியில் போட்ட சில வரிசைகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"அந்தப் பக்கம் அப்புறம் போடவே இல்லையா?"

"இல்லப்பா."

"நான் அம்புட்டுச் சொன்னேன்ல. மாத்தி மாத்திப் போடுங்கன்னு சொன்னேன்ல."

"சொன்ன. ஒன் ரூம் அந்தப் பக்கம்னு..."

அவன் அழுதான். சின்ன வயதில் கீழே விழுந்தபோதுகூட அவன் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அழுகையோடு அழுகையாகச் சொன்னான். பக்கத்து அறையில் இருந்தவர், இன்ஜின் ரூம் ஆள், இவனைவிட மூத்தவர், அந்த வாரம் ஒரு காலையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்துக் கடலில் குதித்துவிட்டாராம். பாதி தூரத்தில் துறைமுகப் படகு அவரை அள்ளியது. அள்ளிக்கொண்டு போய்க் கரையில் விடவில்லை. திரும்பக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

"நானும் அவரோட போறதா இருந்துச்சுத்தா. நானும் மாட்டிட்டேன். கடேசியில அவரு மட்டும் போயிட்டாரு."

நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல போனா கர தெரியுது. கார் போறதுகூடத் தெரியுது. பாத்தா எறங்கிறலாம்னு தோணுது. அதான் நான் வெளியவே போறதில்ல. ரூம்லயே இருக்கேன்."

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. இரும்பு கொதிக்கிறது என்று சொன்ன நாளிலிருந்தா, அதற்கும் முன்பிருந்தா என்று மனம் கணக்குப் போட்டது. நீந்தத் தெரியுமா உனக்கு என்று கேட்கலாமா, கேட்டால் யோசனை சொன்னதுபோல ஆகிவிடுமா என்றுகூட ஓடியது. வாயைத் திறந்தால் எந்தச் சொல் அவனை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியவில்லை. தொழுகையை விடாதே, தைரியமாக இரு என்று ஏதோ சொல்லப்போனேன்.

மனைவி எப்போது மாடிக்கு வந்தாள் என்று தெரியாது. வாசலில் டீயோடு நின்றிருந்தாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏலே, அழுது முடிச்சிட்டியா? இங்க பாரு. ஒங்க அத்தா கப்பலக் கெடுத்து வச்சிருக்காரு. இத எப்படி நிமித்துறது?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "பிரிக்கணும்மா. எல்லாத்தையும் பிரிக்கணும்."

"சரி, பிரிக்கச் சொல்லிக்குடு. ஒவ்வொண்ணா சொல்லு. அவருக்கு ஒண்ணும் தெரியல, நீயும் பாக்குறல்ல. பாதியில விட்டுட்டுப் போயிராத, ஆமா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் அவள் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் கீழே போக வெகுநேரம் ஆனது.

அப்படித்தான் பிரிக்க ஆரம்பித்தோம். வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, பட்டையின் மேல் போட்டுப் பசை இளகும்வரை காத்திருக்க வேண்டும். தோல் சீவும் கத்தியின் நுனியை மெதுவாக உள்ளே விட்டு நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் விலா ஒடியும். ஒரு பட்டையை முழுசாக எடுத்து வைப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். ஒட்டும்போது இருந்த ஆசையெல்லாம் பிரிக்கும்போது கிடையாது. ஒவ்வொரு பட்டையும் கழன்று வரும்போது ஒரு சின்ன முனகல் மாதிரி சத்தம் வரும்.

ஆனால் அவன் கூப்பிட்டான். கப்பல் திரும்புகிறபோதெல்லாம் கூப்பிட்டான். "எத்தன எடுத்தீங்க? பட்டய கட்டு கட்டி வைங்க, இல்லாட்டி வளஞ்சதோட காஞ்சிரும்." "கத்திய படுக்கப் போட்டு விடுங்கத்தா, குத்தாதீங்க." கோபமாகக்கூடப் பேசினான். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது. அவன் கூப்பிடாத நாளில் நான் கப்பலைத் தொடமாட்டேன். அவன் அடுத்த முறை கேட்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒரு நாள் கையோடு வந்த பட்டையைக்கூட, வரவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். "நாளைக்கும் துணி போடுங்க, நாளைக்குப் பாப்போம்" என்றான். நாளைக்கு என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சொன்னேன்.

முழுக்கப் பிரித்த பிறகு கூட்டை ஈரப்படுத்தி, நேரான பலகையோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் தோல் கட்டுகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். கடையிலிருந்து அந்தக் கட்டுகளை ஸ்கூட்டரில் ஏற்றி வந்ததைப் பார்த்த தெருக்காரர்கள் கடையைக் காலி பண்ணுகிறேன் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். காயும்வரை அவனும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். ஒரு நாள் அவன் கேமராவை வெளிப்பக்கம் திருப்பினான். வட்டக் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வெயில். "இன்னிக்கு மேல போனேன்த்தா. செத்த நேரம். அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு" என்றான். அவர் என்றால் குதித்தவர். யார் கையை யார் பிடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு மாற்றி மாற்றி ஒட்டினேன். வலப்பக்கம் அந்த இரண்டு விலாக்களின் இடம் வந்தபோது அவன் திரையில் இருந்தான். "ஒட்டுங்கத்தா. அது என் ரூம் இல்ல, வெறும் கட்ட" என்றான். கையை அழுத்திப் பிடித்து ஒட்டினேன். பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை. க்ளிப் போட்டிருக்கலாம்.

மாற்று ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது வலப்பக்கம் விளிம்புக்குக் கீழே ஒரே ஒரு பட்டைதான் பாக்கி. இப்படிச் செய்தி வந்து ஏற்கனவே ஏமாந்திருந்ததால் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வீடியோ கால் வந்தது. படம் குதித்துக்கொண்டே இருந்தது. காற்றின் இரைச்சல். அவன் படகில் இருந்தான்.

"அத்தா, எறங்கிட்டேன். அம்மாவக் கூப்பிடுங்க. இந்தா பாருங்க, இதுதான் கப்பல். நீங்க பாத்ததே இல்லல்ல. இதுதான் வலப்பக்கம்."

போனைத் திருப்பிக் காட்டினான். துருப்பிடித்த ஒரு இரும்புச் சுவர். திரைக்குள் அடங்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கம் வெள்ளைக் கட்டடம் மாதிரி ஒன்று, அதில் வரிசை வரிசையாக வட்டக் கண்ணாடிகள்.

"உன் ரூமு எதுப்பா?"

"அந்தா, ரெண்டாவது வரிசையில, கடேசிக்கு முந்துனது. இல்ல, அதுக்கு இந்தப் பக்கம்..."

படகு வேகமெடுத்தது. எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி இருந்தது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் சின்னதாகிவிட்டது. மனைவி என் தோளுக்கு மேலே எட்டி, "அவனக் காட்டச் சொல்லுங்க. கப்பல் எதுக்கு" என்றாள்.

மதுரை விமான நிலையத்தில் அவனைப் பார்த்ததும் அவன் மாமன் கட்டிப்பிடித்து, "என்னடா மாப்ள, தண்ணியில ஊறவச்சும் ஊதவே இல்லையே" என்றான். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவன் கார் கண்ணாடியை இறக்கிவிட்டபடி வந்தான்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், தொழப் போகிறான், சாயங்காலம் கடைக்கு வந்து செத்த நேரம் உட்காருகிறான். தன் அறையில் படுப்பதில்லை. ஹாலில், வாசல் கதவு தெரிகிற மாதிரி பாய் போட்டுப் படுக்கிறான். கம்பெனியிலிருந்து போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறான். அடுத்த கப்பலைப் பற்றி அவன் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நிறையப் பேச வேண்டியிருக்கிற வீட்டில் நாங்கள் மூன்று பேரும் வெஞ்சனத்துக்கு உப்புப் போதுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வந்த முதல் வாரம் ஒரு முறை மாடிக்குப் போய்க் கப்பலைக் கையில் எடுத்தான். மூக்கை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"இன்னும் லேசா இருக்குத்தா கோணல்."

"இருக்கட்டும்ப்பா. தண்ணியிலயா விடப்போறோம்."

பாக்கியிருந்த பட்டையைச் சீவித் தயாராக மேசையில் வைத்திருந்தேன். அவன் கையால் ஒட்டட்டும் என்று எடுத்து நீட்டினேன். வாங்கினான். அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தான். சரியாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி மேசையிலேயே வைத்துவிட்டான். கப்பலை அலமாரி மேல் ஏற்றி, வலப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

தூசி தட்டும்போது மனைவி அதை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவாள். அடுத்த முறை பார்த்தால் மறுபடி சுவர்ப்பக்கம் இருக்கும். யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

நேற்று அவன் மக்ரிபு தொழப் போன நேரத்தில் மாடிக்குப் போய் அதை எடுத்தேன். மூடாமல் விட்ட அந்த இடைவெளி வழியாக உள்ளே பார்த்தேன். விலாக்கள் தெரிந்தன. அந்த இரண்டு விலாக்களுக்கு நடுவில் நான் விரலால் அழுத்திய இடத்தில் பசை உள்ளே வழிந்து ஒரு சொட்டாகக் காய்ந்திருந்தது. வெளியே கேட் சத்தம் கேட்டது. கப்பலை இருந்த மாதிரியே, வலப்பக்கம் சுவரைப் பார்க்க, திருப்பி வைத்தேன்.